மூவரில் நடுவில் நின்றவர்: அஜீஸ் சத்தாரின் திரைவாழ்க்கை

கேள்வி இதுதான்: மலாய்ச் சினிமாவின் பெரும் நட்சத்திரமும் இயக்குநருமான பி. ரம்லியின் நகைச்சுவைப் படங்களில் கூடவே வரும் அஜீஸ் சத்தாரைத் துணை நடிகர் என்கிறார்கள்; ரம்லியை விலக்கிப் பார்த்தால் அவருக்கென்று ஒரு திரைவாழ்க்கை இருந்ததா, அந்தப் படங்களில் அவருடைய பங்கு உண்மையில் எவ்வளவு?

முதலில் 'துணை நடிகர்' என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கோடம்பாக்கத்து வழக்கில் துணை நடிகர் என்றால் கூட்டத்தில் நிற்பவர், நாள்கூலிக்கு வந்து கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். மலாயில் அவரை 'பெலாக்கோன் தம்பஹான்' என்பார்கள். கதாநாயகனுக்கு அடுத்த நிலையில் நின்று காட்சியைத் தாங்குகிறவருக்கு 'பெலாக்கோன் பெம்பந்து' என்று வேறு பெயர் உண்டு. அஜீஸ் சத்தார் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். நம்மவர்கள் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் அவர் ஏதோ ஓரமாக நின்றவர் என்ற எண்ணம் தமிழ் வாசகர்களிடையே படிந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவர் 1925 ஆகஸ்ட் 8ஆம் நாள் பிறந்தவர். ஜாவாக் கடலில் உள்ள பாவியான் தீவை வேராகக் கொண்ட குடும்பம். சிங்கப்பூரில் 'ஓராங் போயான்' என்று அழைக்கப்பட்ட இந்த மக்கள் ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாகத் தங்கும் 'பொண்டோக்' வீடுகளில் வாழ்ந்து, குதிரைக்காரர்களாகவும் கார் ஓட்டுநர்களாகவும் பிழைத்தவர்கள். பல தேசத்தவரும் பல மொழியினரும் ஒரே சந்தில் குடியிருந்த அந்தச் சிங்கப்பூரின் பேச்சுதான் பிற்காலத்தில் அவருடைய வாயில் திரைவசனமாக வந்தது. 1950களில் அவர் போய்ச் சேர்ந்த இடம் பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸில், 8ஆம் எண்ணில் இருந்த ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் ஸ்டுடியோ.

அந்த ஸ்டுடியோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. முதலாளிகள் சீனர்கள், திரையில் தோன்றியவர்கள் மலாய்க்காரர்கள், போருக்குப் பிந்தைய முதல் பத்தாண்டுகளில் இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், பி. என். ராவ், எஸ். ராமநாதன், பணி மஜும்தார் என்று நீளும் அந்த வரிசையில், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணனும் உண்டு, ரம்லியைக் கதாநாயகனாக முதலில் நிறுத்திய 1950ஆம் ஆண்டுப் படமான 'பக்தி'யை இயக்கியவர் அவர்தான். இந்த இயக்குநர்கள் கொண்டுவந்த கதை வார்ப்பு நமக்குப் பழக்கமானது: கண்ணீர்க் கதை ஒரு பக்கம் ஓட, பாட்டும் சிரிப்பும் இடையிடையே வந்து போகும். கதைக்கும் சிரிப்புப் பகுதிக்கும் பெரிய தொடர்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அஜீஸ் சத்தாரைப் போன்றவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் கிடைத்திருக்கக்கூடியது, அதிகம் போனால், கதைக்கு வெளியே ஐந்து நிமிடம்.

1955இல் 'பெனாரேக் பேச்சா' மூலம் ரம்லி இயக்குநரானதும் நிலைமை மாறத் தொடங்கியது. 1957இல் வந்த 'பூஜாங் லாப்போக்' அதை முற்றிலும் மாற்றியது. 'பூஜாங்' என்றால் மணமாகாதவன். 'லாப்போக்' என்பது மழையிலும் வெயிலிலும் கிடந்து மட்கிப்போன மரத்துக்குச் சொல்லும் சொல். கட்டைப்பிரம்மச்சாரி என்ற நம் சொல்லிலும் ஒரு கட்டை இருப்பது தற்செயலான பொருத்தம், ஆனால் ரசிக்கத்தக்கது. கையில் காசில்லாத, கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருக்கும் மூன்று நண்பர்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ரம்லி, அஜீஸ், சுடீன் என்று மூவரும் தங்கள் சொந்தப் பெயர்களையே ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு நடித்தார்கள். சுடீனாக வந்தவர் எஸ். ஷம்சுதீன். இதில் சிரிப்பு கதைக்கு நடுவே வந்து போகவில்லை; சிரிப்புதான் கதை. ஆகவே சிரிப்பு நடிகர்களும் முதன்முறையாக முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை திரையில் இருந்தார்கள். அதே ஆண்டில்தான் ஜாலான் அம்பாஸில் சிலர் வேலைநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து நடிகர்களும் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால், மாதச் சம்பளத்துக்கு நடித்த அந்தக் கலைஞர்களுக்குக் காசில்லாதவன் கதை ஏன் அவ்வளவு இயல்பாக வந்தது என்பது விளங்கும்.

இனி, நடிப்பில் அவருடைய பங்கு. மூவர் சேர்ந்து சிரிக்க வைப்பது இருவர் சேர்ந்து சிரிக்க வைப்பதைவிடக் கடினம். இருவர் என்றால் ஒருவர் அடிப்பார், மற்றவர் வாங்குவார், தீர்ந்தது. மூன்றாமவர் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். பூஜாங் லாப்போக் மூவரில் ரம்லி ஓரளவு பக்குவம் உள்ளவர், காதலிக்கத் தகுந்தவர், பாட்டுப் பாடுகிறவர். சுடீன் வெள்ளந்தி, எதையும் காலம் கடந்தே புரிந்துகொள்கிறவர், ஷம்சுதீனின் ஒல்லியான உடலும் கீச்சுக் குரலும் அதற்கு வாய்ப்பாக அமைந்தன. இவர்கள் இருவரை மட்டும் வைத்து எடுத்திருந்தால் அது ஓர் அண்ணனும் ஒரு மக்குத் தம்பியும் என்ற அளவில் நின்றிருக்கும். நடுவில் அஜீஸ் வருகிறார். முன்கோபி, வாய்த்துடுக்குக்காரர், யாருக்கும் அடங்காதவர் போலப் பேசிவிட்டு மறுநொடியே அடங்கிவிடுகிறவர். சுடீனின் மக்குத்தனம் வெடித்துச் சிரிப்பாக வேண்டுமென்றால் அதைப் பார்த்து எரிச்சலடைய ஒருவர் வேண்டும். ரம்லி எரிச்சலடைந்தால் நாயகனின் கௌரவம் குறையும். ஆகவே அந்த வேலை அஜீஸுக்கு. அதேபோல் ரம்லியின் பெருந்தன்மையைக் கேலி செய்ய ஒருவர் வேண்டும். சுடீனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதுவும் அஜீஸுக்கே. பார்வையாளர் மனதில் எழும் கேள்வியைப் பார்வையாளருக்கு அரை நொடி முன்னதாகக் கேட்டுவிடுவதுதான் அவருடைய தொழில்நுட்பம். கைதட்டல் ரம்லிக்கும் சிரிப்பு சுடீனுக்கும் போய்ச் சேர்ந்தன. காட்சியின் வேகம் மட்டும் இவர் கையில் இருந்தது.

இதற்கு நான் காட்டும் சான்று 1961இல் வந்த 'செனிமான் பூஜாங் லாப்போக்'. நடிகர்களாக வேண்டும் என்ற ஆசையில் மூவரும் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவுக்கே வேலை தேடிப் போகிறார்கள். படம் எடுக்கப்பட்ட ஸ்டுடியோவே படத்தில் ஸ்டுடியோவாக வருகிறது. வாசலில் சீக்கியக் காவலாளி ஒருவர் மடக்குகிறார். உள்ளே கேமத் ஹசான் மேலாளராக உட்கார்ந்திருக்கிறார். இயக்குநராக வருபவர் அஹ்மத் நிஸ்ஃபு. இந்த முதியவரும் மலாய்ச் சினிமாவின் மகத்தான துணை நடிகர்களில் ஒருவர். சுல்தானாக நடித்தாலும் மாமனாராக நடித்தாலும் கோபத்தை மூக்கு நுனியில் வைத்திருப்பார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

அந்தப் படத்தில் ஓர் இரவுக் காட்சி உண்டு. மறுநாள் படப்பிடிப்புக்காக வசனம் மனப்பாடம் செய்ய வேண்டும். வீடோ பலகைத் தடுப்புகளால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டது. அறைக்கு ஒரு குடித்தனம். ஓர் அறையில் ஒருவர் எக்காளம் ஊதிப் பழகுகிறார். இன்னொருவர் மோட்டார் சைக்கிளை வீட்டுக்குள்ளேயே வைத்து முறுக்குகிறார். மூவரும் போய்ப் போய் முறையிட்டுத் திரும்புகிறார்கள். இதை முதன்முதலில் நான் பார்த்தது பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றின் மன்றத்தில் இருந்த ஒற்றைத் தொலைக்காட்சிப் பெட்டியில். மலாய் சரியாகப் பேச வராத பாட்டிமார்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் தும்மினால் இந்தப் பக்கம் தூக்கம் கலையும் வாழ்க்கை எங்களுடையது. அப்போது எல்லோர் கண்ணும் ரம்லி மேல்தான் இருந்தது. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பார்த்தபோதுதான், சத்தம் தொடங்கியதும் அதற்கு முதலில் முகம் மாறுகிறவர் யார் என்பதைக் கவனித்தேன்.

இடையில் 1959இல் 'பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்' வந்தது. படகுத்துறையில் தொல்லை கொடுத்தவர்களை ஒற்றை ஆளாக அடித்து விரட்டும் வயதான ஆசான் ஒருவரைப் பார்த்து மலைத்துப்போய், மூவரும் அவரிடமே 'சீலாட்' என்னும் மலாய்த் தற்காப்புக் கலையைக் கற்கப் போகிறார்கள். ஆசானின் மகள் ரோஸ் முதியோர் வகுப்பு நடத்துகிறாள். எழுத்தறிவற்ற மூன்று வளர்ந்த ஆண்கள் சிறுபிள்ளைகளைப் போல எழுத்துக் கூட்டுகிறார்கள். மலாயா விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள். நாடெங்கும் 'கெலாஸ் டேவாசா' என்ற முதியோர் எழுத்தறிவு வகுப்புகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. திரையரங்கில் சிரித்தவர்களில் பலர் அதே வகுப்புகளிலிருந்து வந்தவர்களாக இருந்திருப்பார்கள். அந்த ஆண்டு கோலாலம்பூரில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் இதற்குச் சிறந்த நகைச்சுவைப் படம் என்ற பரிசு கிடைத்தது.

'அலி பாபா பூஜாங் லாப்போக்' தனியாகக் குறிப்பிடத் தக்கது. நமக்கு நன்றாகத் தெரிந்த நாற்பது திருடர் கதைதான். ஆனால் குகைக் கதவு 'திறந்திடு சீசே'வுக்குத் திறக்காது, பந்துன் என்னும் மலாய் நாட்டார் பாட்டுக்குத்தான் திறக்கும். பாக்தாத் என்று சொல்லிக்கொண்டே இருபதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரின் பேச்சையும் பழக்கங்களையும் கூச்சமின்றி உள்ளே விடுகிறார்கள். இதில் தலைப்புப் பாத்திரமான அலி பாபாவை ரம்லி தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. அஜீஸ் சத்தாரிடம் கொடுத்துவிட்டு, தாம் திருடர் தலைவனாக நடித்தார். மலாய் உலகம் முழுவதும் முகம் தெரிந்த நட்சத்திரம், தாமே இயக்கும் படத்தில், கதையின் பெயரையே தாங்கும் வேடத்தை இன்னொருவருக்குக் கொடுப்பது இரக்கத்தால் நடப்பதல்ல. ஒரு படத்தைத் தோளில் சுமக்க அஜீஸால் முடியும் என்பது உடனிருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. திருடர் தலைவன்தான் அதிகம் சிரிக்க வைக்கும் வேடம் என்பதும் ரம்லிக்குத் தெரிந்திருக்கும்; அதையும் மறைக்க வேண்டியதில்லை.

நான்கு படங்கள்தான். 1957க்கும் 1961க்கும் இடையில் தொடர் முடிந்துவிட்டது. அதற்குப் பின் நேர்ந்தவை அஜீஸ் சத்தாரின் கையில் இல்லாதவை. 1963இல் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டில் இந்தோனேசியாவுடன் 'கொன்ஃப்ரொந்தாசி' மோதல் தொடங்கி, மலாய்ப் படங்களுக்கு அந்தப் பெரிய சந்தை அடைபட்டது. 1964இல் ரம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வெளியே உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டுடியோவுக்குப் போனார். 1965இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967இல் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோ மூடப்பட்டது. உலு கிள்ளானில் ரம்லி ஏ. ஆர். தோம்பெல், இப்ராஹிம் டின் என்ற இருவரைச் சேர்த்துக்கொண்டு 'டோ ரே மி' என்ற புது மூவரை உண்டாக்கினார். தோம்பெல் அருமையான நடிகர். அகன்ற முகமும் அலட்டிக்கொள்ளாத பேச்சுமாகத் தனி வகை. ஆனாலும் பூஜாங் லாப்போக் படங்களில் இருந்த உரசல் அந்தப் படங்களில் குறைவு என்பது என் கருத்து. மூவருமே ஒரே மாதிரிக் குறும்புக்காரர்களாக இருக்கிறார்கள். எரிச்சலடைய ஆள் இல்லை. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி'தான் ரம்லியின் கடைசிப் படம். 1973இல் தோம்பெல் காலமானார். அதே ஆண்டு மே 29ஆம் நாள் ரம்லியும் 44 வயதில் இறந்தார்.

கேள்வியின் முதல் பகுதிக்கு இங்கேதான் விடை இருக்கிறது. ரம்லி இறந்தபோது மலாய்ச் சினிமாவே ஏறக்குறைய நின்றுபோன நிலை. மெர்டேக்காவில் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். மக்களோ இந்தி, இந்தோனேசிய, ஹாங்காங் வண்ணப் படங்களுக்குப் பழகிவிட்டார்கள். இந்த இடைவெளியில் சபா ஃபிலிம் என்ற புதிய நிறுவனத்துக்காக 1975இல் 'கெலுவார்கா சோமாட்' என்ற குடும்ப நகைச்சுவை வண்ணப் படம் வந்தது. அதை இயக்கியவர் அஜீஸ் சத்தார். படம் வசூலில் வென்றது. பெரிய ஸ்டுடியோவும் மாதச் சம்பள நடிகர் பட்டாளமும் இல்லாமலேயே மலாய்ப் படம் எடுத்து லாபம் பார்க்கலாம் என்ற துணிவைப் பிற தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தவற்றுள் அதுவும் ஒன்று. மலேசியத் திரை வரலாற்றை எழுதுகிறவர்கள் ரம்லியின் மறைவோடு ஓர் அத்தியாயத்தை முடித்துவிட்டு, 1980களின் புது இயக்குநர்களோடு அடுத்ததைத் தொடங்குவது வழக்கம். இடையில் கிடக்கும் அந்தச் சில ஆண்டுகளில் பார்வையாளரைத் திரையரங்குக்குத் திரும்ப அழைத்தவர்களின் பெயர்களைத் தேடினால், பழைய படத்தின் சிரிப்பு நடிகர் ஒருவரின் பெயர் வந்து நிற்கிறது.

அதன் பின்னரும் அவர் இயக்கிக்கொண்டுதான் இருந்தார். 1979இல் 'பிரெபெட் லாப்போக்'. பழைய தொடரின் பெயர் ஒட்டிக்கொண்ட தலைப்பு, வணிகக் கணக்கும் அதில் இருக்கிறது. 1981இல் 'செதிங்கான்', சட்டத்துக்குப் புறம்பாகப் புறம்போக்கில் குடிசை போட்டு வாழ்கிறவர்களைக் குறிக்கும் சொல் அது, கோலாலம்பூர் வேகமாகப் பெருத்துக்கொண்டிருந்த நாட்களில் எல்லோர் வாயிலும் இருந்த சொல். இயக்குநர் என்ற முறையில் அவரை ரம்லிக்கு அருகில் வைக்க நான் தயாரில்லை. ரம்லியின் படச்சட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருக்கும். அஜீஸின் படங்களில் ஆட்கள் வருவார்கள், பேசுவார்கள், சிரிக்க வைப்பார்கள், போவார்கள். மேடையிலிருந்து வந்தவரின் கண் அது. ஆனால் சாதாரணக் குடும்பத்தின் பேச்சு எப்படி ஓடும் என்பதில் அவருடைய காது பிசகவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாலான் அம்பாஸ் நடிகர்கள் மாதச் சம்பளக்காரர்கள். எடுத்த படங்கள் நிறுவனத்தின் சொத்து. மலேசியாவில் இந்தப் படங்கள் தொலைக்காட்சியில் எத்தனை முறை ஒளிபரப்பாகியிருக்கும் என்று எண்ணி முடியாது. நோன்புப் பெருநாள் என்றால் அன்று பூஜாங் லாப்போக் நிச்சயம். அத்தனை முறையும் சிரித்த முகத்தோடு வீட்டுக்குள் வந்தவர், அந்த ஒளிபரப்புகளை நம்பிப் பிழைத்திருக்க முடியாது. முதுமையிலும் அவர் மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் வந்துகொண்டிருந்ததற்குக் கலை ஆர்வம் ஒரு காரணம் என்றால், இது இன்னொன்று. 'டத்துக்' என்ற விருதுப் பெயர் அவருக்குக் கிடைத்தது. சாலையில் எதிர்ப்பட்டவர்கள் அழைத்ததோ கடைசிவரை 'பாக் அஜீஸ்' என்றுதான்.

ஷம்சுதீன் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டார், அஜீஸ் மலேசியரானார். ஒரே வாடகை வீட்டில் வாழ்ந்தவர்களாக நாம் நினைவில் வைத்திருக்கும் இருவர் வாழ்நாளின் பெரும்பகுதியை வெவ்வேறு நாட்டுக் குடிமக்களாகக் கழித்தார்கள். ஷம்சுதீன் 2013 ஜூனில் காலமானார். ஓர் ஆண்டுகூட ஆகவில்லை; 2014 மே 6ஆம் நாள் அஜீஸ் சத்தாரும் 88 வயதில் மறைந்தார். மூவரில் கடைசியாகப் போனவர் அவர்தான்.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், 'செனிமான் பூஜாங் லாப்போக்' என்பேன். மலாய் தெரியாதவர்களுக்கும் அது புரியும். முதல் முறை வழக்கம்போல ரம்லியைப் பாருங்கள். இரண்டாம் முறை அந்த எக்காளம் ஒலிக்கத் தொடங்கும் இடத்தில், ரம்லியையும் சுடீனையும் விட்டுவிட்டு, கையில் வசனத்தாளோடு இருக்கும் மூன்றாமவரை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.